உஸ்மான் குணத்து மாப்பிள்ளை

என் வயதுக்காரிகள் நாலு பேர் கூடி உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் ஜப்பான்காரன் காலத்துக்குப் போய்விடும். ஒருத்தி மரவள்ளிக்கிழங்கைச் சொல்லுவாள். ஒருத்தி சாக்குத் துணியில் பாவாடை தைத்துப் போட்டு இடுப்பெல்லாம் அரித்துப் புண்ணானதைச் சொல்லுவாள். இன்னொருத்தி, சந்தியில் நின்ற சிப்பாய்க்குக் குனியாமல் போனதற்காக அவள் அண்ணன் வெயிலில் கல்லைத் தூக்கிக்கொண்டு நின்றதைச் சொல்லுவாள். எல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருவது வேறு. அந்தக் காலத்தில்தான் என் வாப்பா, என் அக்காவுக்கு, எங்கள் பேச்சில் ராத்தாவுக்கு, மாப்பிள்ளை பார்த்தார். சொல்கிறேன், கேளுங்கள். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். ராத்தாவே இதைச் சிரிக்காமல் சொன்னதில்லை.

எங்கள் மளிகைக் கடை மலாய் நாட்டில், சிரம்பானுக்குப் பக்கத்தில், சுங்கை காடுட் என்ற ஊரை ஒட்டி ஒரு ரப்பர் தோட்டத்தின் வாசலில் இருந்தது. இப்போது அங்கே போனால் தொழிற்சாலைகளின் கூரைதான் தெரியும். அப்போது கடைக்கு முன்னால் செம்மண் சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் ரப்பர் மரங்கள், மரங்களுக்கு நடுவே தோட்டத்து ஜனங்கள் குடியிருந்த லயத்து வீடுகள். கடையின் பின்பக்கமே எங்கள் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பச்சைத் திரை தொங்கும். உம்மாவும் ராத்தாவும் நானும் உலகத்தில் நடப்பதையெல்லாம் கேட்டது அந்தத் திரைக்குப் பின்னால் இருந்துதான்.

சண்டைக்கு முன்னால் அந்தத் திரையை விலக்கினால் கருவாடு, மண்ணெண்ணெய், சீரகம், சவுக்காரம் எல்லாம் கலந்த ஒரு வாசம் முகத்தில் அடிக்கும். ஜப்பான்காரன் வந்த பிறகு அந்த வாசம் ஒவ்வொன்றாகக் கழன்று போயிற்று. அரிசி மூட்டை இருந்த இடத்தில் கிழங்கு மூட்டை. தேங்காயெண்ணெய் டின் இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு செம்பனை எண்ணெய். பித்தளைத் தராசு மட்டும் அப்படியே இருந்தது. வாப்பா தினமும் அதைப் புளி போட்டுத் துலக்குவார். அது பளபளவென்று தொங்கும். நிறுக்கத்தான் சரக்கு இல்லை. சரக்கு இல்லாமல் போனதும் வாப்பா மனிதர்களை நிறுக்க ஆரம்பித்தார்.

வாப்பாவுக்கு சஹாபாக்களின், அதாவது நபிகள் நாயகத்தின் தோழர்களின், வரலாறு தண்ணீர் பட்ட பாடு. பிற்பகல் தொழுகையான அஸர் தொழுதுவிட்டுக் கல்லாப் பெட்டி மேல் கையூன்றி உட்கார்ந்து கதை சொல்லுவார். வேலை முடிந்து வருகிற தோட்டத்து ஆட்கள், வாங்க ஒன்றும் இல்லாவிட்டாலும், கடை வாசலில் குந்திக்கொண்டு கேட்பார்கள்.

"மனுச குணம்னா அது அந்த நாலு பேருக்குள்ள அடங்கிரும்" என்பார் வாப்பா. "அபூபக்கர் எளகுன மனசு. ஓத ஆரம்பிச்சா கண்ணு நெறஞ்சிரும். உமர் கண்டிப்பு. அவங்க ஒரு வீதியில வந்தா ஷைத்தான் அடுத்த வீதியில ஓடுவான். உஸ்மான் வெக்கம். வானத்து மலக்குமாரே அவங்களப் பாத்து வெக்கப்படுவாங்க. அலி வீரம், அறிவு. நீங்க எந்த ஆளக் கொண்டாந்து நிறுத்தினாலும் இதுல யாரு குணம்னு நான் சொல்லிருவேன்."

ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் 'ரலியல்லாஹு அன்ஹு', அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக, என்று வாப்பா சொல்லத் தவறமாட்டார். நான் இங்கே ஒரு தடவை சொல்லிவிட்டேன். மற்ற இடங்களில் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

உம்மாவுக்கு அபூபக்கர் குணம் என்று தீர்ப்பாகியிருந்தது. உம்மா எதற்கும் அழுவாள். கோழி அறுத்தால் அழுவாள். வெங்காயம் கிடைத்த காலத்தில் வெங்காயத்துக்கு அழுதாள், கிடைக்காத காலத்தில் வெங்காயத்தை நினைத்து அழுதாள். ராத்தா உமர் குணம். விறகு பிளப்பாள், கூரையில் ஏறி ஓலை சொருகுவாள், ஆட்டைத் திருட வந்தவனைச் சாலைவரை துரத்திப் போய் அவன் கைலியைப் பறித்துக்கொண்டு வந்தவள். தனக்கும் உமர் குணம்தான் என்று வாப்பா நம்பினார். அதை யாரும் கேட்காமலே அடிக்கடி சொல்லவும் செய்வார்.

மற்றவர்கள் தங்களுக்கு என்ன என்று கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். தோட்டத்துக் கங்காணி ஒருநாள் மீசையைத் தடவிக்கொண்டு வந்தார். தனக்குக் கீழே உள்ள ஆட்களை எல்லாம் ஊரிலிருந்து கப்பலேற்றிக் கூட்டி வந்தவர் அவர். பழனிக்கு நேர்ந்துகொண்டவர், நெற்றி நிறைய விபூதி, பேச்சில் மலாய்க்காரர் மாதிரி ஒரு 'லா'.

"பாய், எல்லாருக்கும் சொல்றீங்க. எனக்கு யாரு லா?"

வாப்பா அவரை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்கு நாலு பேருல இல்ல கங்காணி. அஞ்சாவதா ஒருத்தர். காலித் பின் வலீத். பெரிய சேனாதிபதி. தோத்ததே கெடையாது."

கங்காணி அன்றைக்கு நடந்து போன நடை இருக்கிறதே! காலையில் பிரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தும்போது, "என்னை யாருன்னு நெனச்சீங்க?" என்று அதட்டினாராம். ஒரு வாரம் கழித்துக் கதை அடுத்த கட்டத்துக்கு வந்தது. உமர் கலீஃபாவானதும் காலிதைச் சேனாதிபதி வேலையிலிருந்து இறக்கிவிட்டார் என்று வாப்பா சொன்னதுதான் தாமதம், கங்காணி எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "வேலைய விட்டு எறக்குன ஆளையா பாய் எனக்குக் குடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனவர்தான். பல நாள் கடைப் பக்கம் வரவே இல்லை. உப்பு வாங்கக்கூட அவர் சம்சாரம்தான் வந்தாள்.

மாப்பிள்ளை தேட வேண்டிய அவசரம் அந்தச் சமயத்தில்தான் வந்தது. கல்யாணமாகாத பெண்பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்க எல்லோரும் பயந்தார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள், கல்யாணமாகாத பையன்களைத்தான் முதலில் கொண்டு போகிறார்கள் என்று இன்னொரு பேச்சு. ஆகவே பெண்ணைப் பெற்றவர்கள் பையனைத் தேடி ஓட, பையனைப் பெற்றவர்கள் பெண்ணைத் தேடி ஓட, வழியில் பார்த்துக்கொண்ட இடத்திலேயே நிச்சயம் ஆயிற்று. வாப்பா மட்டும் நிதானமாக இருந்தார். "குணம் பாக்காம கட்டிக் குடுக்கிறவன் நான் இல்ல" என்றார்.

முதலில் வந்தவர் சிரம்பானில், தெமியாங் பக்கம் துணிக்கடை வைத்திருந்தவர். நிமிர்ந்து உட்கார்ந்தார். தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல தேத்தூள் இல்ல, சும்மா வறுத்த எதையோ போட்டிருக்கிய" என்றார். உண்மைதான். அது காயவைத்து வறுத்த பப்பாளிக் கொட்டை. அவர் போன பிறகு வாப்பா தலையை ஆட்டினார். "உமர் குணம். மனசுல பட்டத பட்டுன்னு சொல்றாரு. ஆனா இந்த வீட்டுல ஏற்கெனவே ரெண்டு உமர் இருக்கோம். மூணாவது தாங்காது."

இரண்டாவதாக வந்தவர் கை நிறையச் சாமான்களோடு வந்தார். எனக்கு ஒரு குடை. உம்மாவுக்கு ஒரு முழுச் சவுக்காரக் கட்டி. கண்ணால் பார்த்தே எத்தனையோ மாதமான நிஜச் சவுக்காரம். உம்மா அதை முகர்ந்து பார்த்து அழுதாள். "உஸ்மானோட கொடைக் குணம்! ஊருக்கே கெணறு வாங்கிக் குடுத்தவங்கல்ல அவங்க!" என்று வாப்பா பூரித்துப் போனார். மறுநாள் அந்தப் பையனுடைய அண்ணன், காக்கா என்போம், வந்து, தன் கடைச் சாமான்களைத் திருப்பித் தரும்படி கேட்டார். குடையைக் கொடுத்தோம். சவுக்காரத்தில் ராத்தா ஒரு தடவை குளித்திருந்தாள். அவர் கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒரு பெருமூச்சு விட்டு, வாங்கிக்கொண்டு போனார். சம்பந்தம் அதோடு முடிந்தது.

மூன்றாவது மாப்பிள்ளை கோலா கிளாவாங்கிலிருந்து வந்தார். அவரும் அவருடைய மாமாவும் மலையிறங்கி சைக்கிளில் வந்தார்கள். அந்தக் காலத்து சைக்கிளில் டயருக்குள் காற்று ஏது? உள்ளே கயிற்றைத் திணித்து, மேலே கம்பியால் கட்டியிருப்பார்கள். சாலையில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் உச்சந்தலைவரை வந்து பேசும். அப்படி வந்து இறங்கிய பையன், தலையோடு தாடையைச் சுற்றி ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் பாயில் உட்கார்ந்தார்.

"என்ன படிச்சிருக்கிய?" என்று வாப்பா கேட்டார்.

பையன் மாமாவைப் பார்த்தார். மாமா சொன்னார், "நாலாவது வரைக்கும். புள்ள இப்ப அதிகம் பேசாது."

"கடையில என்ன பாக்கிறிய?"

"கணக்கு, கொள்முதல், எல்லாம்" என்றார் மாமா.

வாப்பாவின் முகம் மலர்வதைத் திரை ஓட்டை வழியாகப் பார்த்தேன். வெட்கம்! மலக்குகளையே வெட்கப்பட வைத்த வெட்கம்!

நான் பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். கிழங்கு மாவில் சுட்ட முறுக்கு. செம்பனை எண்ணெயில் பொரித்து ஆறிவிட்டால் அதை உடைக்க அம்மிக் குழவி வேண்டும். பையன் மறுத்துத் தலையாட்டினார். "உலக ஆசையே இல்ல!" என்று வாப்பா மாமாவிடம் சொன்னார். பிறகு, "எங்க வீட்டுப் பலகாரம், ஒண்ணாவது எடுக்கணும்" என்று அவரே ஒன்றைப் பையன் கையில் வைத்தார். தட்டோடு நான் கிட்டத்தில் குனிந்தபோது பையனிடமிருந்து கிராம்பு வாசம் குப்பென்று வந்தது. சால்வைக்குள் ஒரு பக்கக் கன்னம் ரொட்டி போல உப்பியிருந்தது.

வாப்பா அப்போது, இஸ்லாத்துக்கு வந்ததற்காக எஜமான் வதைத்த அடிமை பிலாலின் கதையை ஆரம்பித்திருந்தார். சுடுமணலில் கிடத்தி, நெஞ்சில் பாறையை ஏற்றி, அப்போதும் பிலால் 'இறைவன் ஒருவன், ஒருவன்' என்று சொன்ன இடத்துக்கு வந்தார். பையன் மரியாதைக்காக முறுக்கைக் கடித்தார். அவர் கண்களிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

வாப்பா கதையை நிறுத்திவிட்டார். "உஸ்மானோட வெக்கம், அபூபக்கரோட நெஞ்சு. ரெண்டும் ஒரே ஆளுக்கிட்ட!" என்று எழுந்துபோய்ப் பையனை இழுத்து, கன்னத்தோடு கன்னம் வைத்து இறுக்கி அணைத்தார். பையன், "யா அல்லாஹ்!" என்று அலறினார்.

"பாத்தியளா, என்னா பாசம்!" என்றார் வாப்பா.

அவர்கள் போனதும் நான் உம்மாவிடம் சொன்னேன். "உம்மா, அந்த மாப்பிள்ளைக்குப் பல்வலி." உம்மா அதை வாப்பாவிடம் சொன்னாள். "கிராம்பு வாடை அடிச்சுச்சாம்ங்க. கன்னம் வீங்கியிருந்துச்சாம்." வாப்பா சிரித்தார். "வாயச் சுத்தமா வெச்சிருக்கிறது நாயகம் காட்டித் தந்த சுன்னத்து. சின்னப் புள்ள பேச்சக் கேட்டுக்கிட்டு நிக்கிறியா நீ?"

ராத்தாவிடம் கேட்டார்கள். அவள் விறகைப் பிளந்துகொண்டே, "பேசாத ஆளுன்னா எனக்குச் சம்மதம்" என்றாள்.

கல்யாணத்துக்குப் பன்னீர்ச் செம்பு வேண்டியிருந்தது. உம்மாவின் சீதனம், வெள்ளிச் செம்பு. சண்டை வந்தபோது ஜப்பான்காரன் கையில் சிக்கக்கூடாதென்று வாப்பா அதைக் கொல்லையில் பப்பாளி மரத்தடியில் புதைத்திருந்தார். இடையில் அந்த மரம் காற்றில் விழுந்து, வேறு நாலு பப்பாளி முளைத்துவிட்டது. ராத்தா கல்யாணத்துக்கு முன்தினம் முழுக்கக் கொல்லையைத் தோண்டினாள். வண்டி வண்டியாய் மண்புழு கிடைத்தது, செம்பு கிடைக்கவில்லை. இன்றைக்கும் அது ஏதோ ஒரு தொழிற்சாலையின் அடியில் கிடக்கும்.

நிக்காஹ் அன்றைக்கு, ஓதி நடத்திவைக்க வந்த லெப்பை, மாப்பிள்ளையிடம் சம்மதம் கேட்டார். மாப்பிள்ளை "ம்ம்" என்றார். "வாயால சொல்லணும் தம்பி" என்றார் லெப்பை. மறுபடியும் "ம்ம்ம்." லெப்பை தன் காதைக் கொண்டுபோய் அவர் வாயருகே வைத்து, ஒருவழியாக ஏதோ ஒரு சத்தத்தை வாங்கிக்கொண்டு தலையாட்டினார். "இந்த வெக்கம் பொண்ணுக்குல்ல இருக்கணும்" என்று திரைக்குப் பின்னால் உம்மா முணுமுணுத்தாள். விருந்துக்குக் கிழங்கை அரிசி அரிசியாக நறுக்கி, பத்திரமாக வைத்திருந்த கடைசிப் பட்டைத் துண்டைப் போட்டுப் பிரியாணி செய்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் பிரியாணிதான்.

எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டோடு தங்குவார். அப்படி மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, வலி தாங்காமல் தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரசரிடம் போனார். டிரசரிடம் மருந்தும் இல்லை, மரத்துப்போக ஊசியும் இல்லை. ஒரு குறடு இருந்தது. நாலு பேர் பிடித்துக்கொள்ள, பல், பாதி வேரை உள்ளே விட்டுவிட்டு, வெளியே வந்தது. பின்னாலேயே பேச்சும் வந்தது.

அம்மம்மா, அந்தப் பேச்சு! காலையில் எழுந்ததும் கோலா கிளாவாங் மழை பற்றி ஆரம்பித்தால், படுக்கும்போது துருக்கி சுல்தானில் வந்து நிற்பார். வாப்பா கதை சொல்லும்போது, "அப்படி இல்ல மாமா, நான் கேள்விப்பட்டது வேற" என்று குறுக்கே விழுவார். உம்மாவின் குழம்பில் என்ன குறை, தராசை எந்தப் பக்கம் தொங்கவிட வேண்டும், கூரையில் ஓலையை எப்படிச் சொருக வேண்டும், எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு யோசனை இருந்தது. ஓலை விஷயத்தில்தான் ராத்தாவுக்கும் அவருக்கும் முதல் சண்டை மூண்டது.

"நீங்க கூரையில ஏறியிருக்கியளா?"

"ஏறணுமா? கீழயிருந்து பாத்தாலே தெரியுது, தலைகீழாச் சொருகியிருக்கே!"

"பல்லு வலியோட இருந்தப்ப நல்ல மனுசனா இருந்திய!"

லயத்து ஜனங்களுக்கு அந்த நாளில் வேறு பொழுதுபோக்கு ஏது? எங்கள் வீட்டில் குரல் உயர்ந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்துவிடுவார்கள். கோபித்துக்கொண்டு போன கங்காணிகூட அதைக் கேட்கத்தான் திரும்பி வந்தார். "பாய், இது எந்த ஆளோட கொணம்?" என்று மச்சானைக் காட்டிக் கேட்டார். வாப்பா தராசைத் துலக்கப் போய்விட்டார்.

வாப்பா மச்சானின் மாமாவுக்கு ஆளனுப்பிக் கேட்டார். பதில் வந்தது. "இப்ப பேசாதுன்னுதானே சொன்னேன். எப்பவும் பேசாதுன்னா சொன்னேன்?"

ஒருநாள் வாப்பா மச்சானைத் தனியாக உட்காரவைத்து நயமாகப் பேசினார். "உமர் கலீஃபாகிட்ட ஒருத்தர், தன் பொஞ்சாதி வாயாடுதுன்னு முறையிட வந்தாராம். வாசல்ல நின்னா, உள்ள உமரோட பொஞ்சாதி அவங்களையே ஏசிக்கிட்டிருக்கு. அவங்க ஒரு வார்த்த பேசல. ஆக்கிப் போடுது, துவைக்குது, புள்ளைகளப் பாக்குது, பொறுத்துப் போறேன்னாங்களாம். அவ்வளவு கண்டிப்பான மனுசனே!"

மச்சான் யோசித்தார். "அப்ப நான் உஸ்மான் இல்லியா? என்னய உமராக்கிட்டியளா?"

திரைக்குப் பின்னாலிருந்து ராத்தாவின் குரல் வந்தது. "யாராயிருந்தாலும் சரி, அந்தக் கதையில ஆம்பள வாயத் தெறக்கலன்னு வாப்பா சொல்றாங்க. அத மட்டும் கேட்டுக்கிடுங்க."

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு லாரி வந்தது.

வெயில் ஏறின நேரம். ஒரு ஜப்பான் அதிகாரி, இரண்டு சிப்பாய்கள், மலாய் தெரிந்த மொழிபெயர்ப்பாளன் ஒருவன். நேராக லயத்துக்குப் போனார்கள். திரும்பி வரும்போது லாரியின் பின்பக்கம் தோட்டத்து ஆண்கள் மூட்டை முடிச்சோடு நின்றார்கள். சயாமில் கொஞ்ச நாள் வேலை, அரிசிச் சோறு என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். கங்காணி லாரிக்குப் பக்கத்தில் ஓடி வந்தார். கேட்ட தொகைக்கு ஆள் குறைகிறது, இன்னொருவனைக் காட்டு என்று அவரை நெருக்கிக்கொண்டிருந்தார்கள். "ஆள் இல்ல துவான், ஆள் இல்ல ஐயா" என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். லாரி எங்கள் கடை வாசலில் நின்றது. கடைக்குள் முக்காலியில் மச்சான்.

எப்போதும் உமர் குணம் என்று சொல்லிக்கொண்ட வாப்பா, சிப்பாயைக் கண்டதும் குனிந்தார். அவ்வளவு குனிய வேண்டியதில்லை. தொப்பி கழன்று தரையில் உருண்டது. அதை எடுக்கக் குனிந்தவர், கால்கள் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். மறுபடி எழுந்திருக்க முடியவில்லை.

சிப்பாய் மச்சானைக் காட்டி, லாரியைக் காட்டினான். மச்சான் எழுந்தார். பேச ஆரம்பித்தார். தான் தோட்டத்து ஆளே இல்லை என்றும், கோலா கிளாவாங்கில் தன் மாமாவை எல்லோருக்கும் தெரியும் என்றும், ரயில் பாதை போடுவதில் தனக்குச் சில யோசனைகள் உண்டு என்றும் மலாயில் சொல்லிக்கொண்டே போனார். மொழிபெயர்ப்பாளன் பாதியிலேயே கைவிட்டான். சிப்பாய் ஓங்கி ஓர் அறை விட்டான். பல் பிடுங்கின அதே பக்கம். ஆறாத புண் வெடித்து, மச்சானின் வாயிலிருந்து இரத்தம் தாடை வழியே சட்டையில் வழிந்தது. இருமினார். தரையெல்லாம் சிவப்பு.

திரை படாரென்று விலகியது. உம்மா வெளியே வந்தாள். அந்நிய ஆண் முன்னால் அதுவரை ஒரு வார்த்தை பேசாத என் உம்மா, மச்சானுக்கும் சிப்பாய்க்கும் நடுவே போய் நின்று, சந்தை மலாயில் கத்தினாள். "பாத்தோக் டாரா! பாத்தோக் டாரா, துவான்! ஜாங்ஙான் டெக்காட்!" இருமினால் இரத்தம், கிட்டே வராதீர்கள் என்று அர்த்தம். சொல்லிக்கொண்டே தன் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். என்னைப் பார்த்து, "நீயும் மூடு!" என்றாள். நானும் மூடிக்கொண்டேன். மொழிபெயர்ப்பாளன் இரண்டடி பின்னால் போய் ஜப்பான் பாஷையில் ஏதோ சொன்னான். சிப்பாய் தன் கையைப் பார்த்தான். மச்சானின் எச்சில் அதில் பட்டிருந்தது. காற்சட்டையில் அவசர அவசரமாகத் துடைத்தான்.

அந்த நேரத்தில் மச்சான் நிமிர்ந்து, "பாத்தோக் டாரா இல்ல, இது பல்லு..." என்று ஆரம்பித்தார். உண்மையைத் திருத்தாமல் அவரால் இருக்க முடியாது. ராத்தா பின்னாலிருந்து பாய்ந்து வந்து அவர் வாயைக் கையால் பொத்தி, தலையைத் தன் தோளோடு அமுக்கிக்கொண்டாள். "இருமுங்க" என்றாள் காதோரம். இருமினார். பயத்தில் நிஜமாகவே வந்தது.

அதிகாரி வாசல்படி ஏறவில்லை. லாரிக்குத் திரும்பிப் போய்க் கங்காணியைப் பிடித்துக்கொண்டான். ஓர் ஆள் இன்னும் குறைகிறதே! கங்காணியின் தலையிலிருந்த தொப்பியைத் தட்டிவிட்டான். அது தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கொடுத்த தொப்பி. கங்காணி அதை எடுக்கவில்லை. லாரியில் நின்ற ஆட்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்தப் பிள்ளைங்கள ஊர்லேருந்து நான்தான் கூட்டியாந்தேன். நானே போறேன் லா" என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தில் கால் வைத்து ஏறினார். ஏறி நின்று எங்கள் கடையைப் பார்த்தார். "பாய், வேலை போச்சு! உங்க சேனாதிபதிக்குப் போன மாதிரியே போச்சு!" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

உம்மா வீட்டுக்குள் வந்து பாயில் உட்கார்ந்தாள். அன்றைக்கெல்லாம் அழுதாள். "அங்கன அழுதா புள்ளயக் கொண்டு போயிருவான்னு தோணுச்சு. அதான் அழுகையப் பெறகு வெச்சுக்கிட்டேன்" என்றாள்.

மச்சான் அன்றிலிருந்து காசநோய்க்காரராக இருக்க வேண்டியதாயிற்று. சாலையில் வண்டிச் சத்தம் கேட்டால் போதும், ராத்தா அவரைப் பாயில் படுக்கவைத்துப் போர்த்திவிடுவாள். அந்நியர் யார் வந்தாலும் பேசக்கூடாது, இருமலாம். பேச்சை அடக்கி அடக்கி அவர் முகம் சிவந்து போகும். வண்டி போனதும் மொத்தத்தையும் பேசித் தீர்ப்பார். ராத்தா தெருவில் சைக்கிள் மணி கேட்டாலே, "படுங்க, படுங்க" என்பாள். சில நாட்கள் மணியே அடிக்காமலும் சொல்லியிருக்கிறாள்.

ஆனால் வாப்பா பேச்சை விட்டுவிட்டார். அஸருக்குப் பிறகு ஆட்கள் வந்து குந்தினால், "இன்னைக்கு இல்ல" என்பார். லாரியில் மச்சானுக்காக வைத்திருந்த இடத்தில் கங்காணி நின்றுகொண்டு போனதை அவர் பார்த்திருந்தார். பல நாள் கழித்து, உம்மா கிழங்கு உரித்துக்கொண்டிருந்தபோது, அவராகவே பேசினார்.

"நாயகம் மவுத்தாகிக் கண்ண மூடின அன்னைக்கு உமர்தான் நெல கலங்கிப் போனது. அபூபக்கர் வந்து குர்ஆன் ஆயத்த ஓதினப்புறம் காலு நிக்காம தரையில உக்காந்துட்டாங்க. அழுகிற மனுசன் அன்னைக்கு நின்னாரு. அதட்டுற மனுசனால நிக்க முடியல." பிறகு முகம் தெளிந்தது. "அப்படிப் பாத்தா, எனக்கு உமர் குணம்தான்."

உம்மா கிழங்கைக் கீழே வைத்தாள். சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள்.

"சரிங்க. அந்த உமர்தானே, புள்ளைகள் பசியில அழுவுதுன்னு கேட்டுட்டு, மாவு மூட்டையத் தன் முதுகுல சொமந்துக்கிட்டுப் போனாங்க? கொல்லையில கெழங்கு மூட்ட கெடக்கு. லயத்துல ஆம்பள இல்லாத வீடு எத்தனன்னு உங்களுக்கே தெரியும்."

வாப்பா தன் வாழ்நாளில் மூட்டை தூக்கியவர் இல்லை. அதற்குக் கடையில் ஆள் இருந்தான், அவன் எப்போதோ போய்விட்டான். அன்றைக்கு அஸர் தொழுதுவிட்டு முதுகில் ஏற்றிக்கொண்டார். நானும் ராத்தாவும் பின்னால் போனோம். மச்சான் ஓடி வந்து, "மாமா, குடுங்க, நான் தூக்குறேன். இப்படிப் பிடிக்கக் கூடாது, எடை ஒரு பக்கமாப் போகும்" என்றார்.

வாப்பா நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே, உமர் தன் பணியாளிடம் கேட்ட கேள்வியைக் கேட்டார். "கியாமத்துல, கடைசித் தீர்ப்பு நாள்ல, என் சொமைய நீங்க தூக்குவியளா, மாப்பிள்ள?"

மச்சான் வாயடைத்துப் போனார். நான் பார்த்து அது ஒரு தடவைதான். சாலையைக் கடந்து, ரப்பர் மர நிழலுக்கு வந்ததும் வாப்பா மறுபடி நின்றார்.

"மாப்பிள்ள, அந்த ஓரத்தக் கொஞ்சம் பிடிங்க."

"அப்ப கியாமத்து, மாமா?"

"அதுக்கு இன்னும் நேரம் இருக்கு. பிடிங்க."

வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டே போனோம். கடைசி வீடு கங்காணி வீடு. அவர் சம்சாரம் கிழங்கை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வாசலில் நின்றாள். மச்சானைப் பார்த்தாள். வாப்பாவிடம்தான் கேட்டாள்.

"பாய், அந்த சேனாதிபதி கதைய எங்க ஆளு வீட்டுல வந்து சொல்லிச்சு. வேலைய விட்டு எறக்கினப்புறம் என்ன ஆச்சுன்னு சொல்லல. சண்டையில செத்துட்டாரா?"

"இல்லம்மா" என்றார் வாப்பா. "எறக்கினப்புறமும் சாதாரண ஆளா சண்டைக்குப் போனாரு. எத்தனையோ சண்ட. ஒடம்புல காயம் படாத எடம் இல்ல. ஆனா ஒண்ணும் ஆகல. வயசாகித் தன் வீட்டுல, தன் கட்டில்லதான் மவுத்தானாரு."

அவள் "கட்டில்லயா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனாள். போர்க்களத்தில் சாகாமல் படுக்கையில் சாகிறோமே என்று காலித் வருந்தியதாகவும் அந்தக் கதையில் உண்டு. அதை நான் பெரியவளான பிறகுதான் தெரிந்துகொண்டேன். வாப்பாவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும். சொல்லவில்லை.

சண்டை முடிந்த பிறகு கங்காணி திரும்பி வந்தார். எலும்பும் தோலுமாக, மீசை இல்லாமல் வந்தார். வாசலில் வந்து நின்றவரை உம்மாதான் முதலில் அடையாளம் கண்டாள். அவரோடு ஏறிப் போனவர்களில் பாதிப் பேருக்கு மேல் வரவில்லை. ராத்தாவும் மச்சானும் ஐம்பது வருஷத்துக்கு மேல் சண்டை போட்டுக்கொண்டே நன்றாக வாழ்ந்து, ஏழு பிள்ளைகள் பெற்றார்கள்.

ஆனால் அன்றைக்கு, கிழங்கைக் கொடுத்துவிட்டு வெறும் சாக்கோடு நாங்கள் திரும்பி நடந்தபோது, இதெல்லாம் யாருக்குத் தெரியும்? மச்சானும் ராத்தாவும் முன்னால் ஏதோ வாதாடிக்கொண்டு போனார்கள். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வாப்பா என்னோடு பின்னால் வந்தார். முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் நடந்தார்.

"வாப்பா, எனக்கு யாரு குணம்?" என்று கேட்டேன்.

வாப்பா நின்று என்னைப் பார்த்தார். வழக்கமாக அவருக்கு இரண்டு நொடி போதும். அன்றைக்கு வெகுநேரம் பார்த்தார்.

"இரு புள்ள. நாளைக்கு என்ன நடக்குதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

மறுநாள் ஒன்றும் நடக்கவில்லை. கிழங்குதான் அவித்தோம்.